விசா எடுப்பவர் கணக்கு

அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி சாலையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "துபாய் விசா இப்ப என்ன வெல போவுது?" கேட்பவர் பெரும்பாலும் படிப்பை முடித்த பையனின் வாப்பா. பதில் சொல்பவர் ஏஜென்ட், அல்லது ஏஜென்ட்டை நன்றாகத் தெரிந்தவர்.

அன்றைக்கு என்னிடம் வந்த கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. லீவில் ஊர் வந்திருந்த தம்பி ஒருவர், துபாய் தேராவில் சின்னதாக ஏசி பராமரிப்புக் கம்பெனி வைத்திருப்பவர், தொதல் துண்டு ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: "காக்கா, நம்ம ஊருப் பசங்கள எடுக்கலாம்னு இருக்கேன். ரெண்டு டெக்னீஷியன், ஒரு இன்ஜினீயர், ஒரு ஹெல்பர். எல்லாம் பிஆர்ஓ பார்த்துக்கிறேங்குறான். செலவ மட்டும் பசங்ககிட்ட வாங்கிக்கலாம்ல?"

பிஆர்ஓ என்றால் அங்கே கம்பெனிக்காக அரசு அலுவலகத் தாள் வேலைகளைப் பார்ப்பவர். நானும் அங்கே ஒரு கம்பெனி ஆபீசில் விசா தாள்களோடு காலம் தள்ளியவன். அதனால்தான் என்னிடம் கேட்டார். விசாவை, போகிறவன் பக்கமிருந்து நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எடுக்கிறவர் பக்கமிருந்து அதை விரித்துச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பக்கமிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால், எது உண்மை விசா, எது காசு பிடுங்கும் தாள் என்று பையனின் வாப்பாவுக்கும் தானே விளங்கிவிடும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னேன். வாங்கக் கூடாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், 33-ஆம் எண் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. ஆள் எடுக்கும் செலவையும் வேலைக்கு அமர்த்தும் செலவையும் முதலாளி நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

தம்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாரும் வாங்குறாங்களே காக்கா?"

வாங்குகிறார்கள். ரசீது கொடுத்து வாங்கியவரை மட்டும் நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டும். நம் ஊர் ஆட்கள் கடல் தாண்டிப் பிழைத்தது எண்ணெய் கிடைத்த பிறகு தொடங்கிய கதை இல்லை. சீதக்காதி என்று நாம் சொல்லும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் 17-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய கப்பல் வணிகர். அவருக்குப் பிறகும் முத்து, சங்கு, ரத்தினக்கல் என்று கொழும்புப் பக்கம் போய்வந்த குடும்பங்கள் ஏராளம். அந்தக் காலத்துச் சபுராளி, அதாவது கடல் கடந்து போனவர், தானே வியாபாரியாகப் போனார். இல்லையென்றால் மாமுவின் கடைக்குக் கணக்கெழுதப் போனார். அவருக்கு யார் பொறுப்பு என்பது இரண்டு குடும்பங்களுக்குள் முடிந்துவிடும் விஷயம்.

வளைகுடாவில் அது தாளுக்கு மாறியது. 1973-இல், எமிரேட்ஸ் என்ற நாடு பிறந்து ஓரிரு வருஷமே ஆகியிருந்த சமயத்தில், கீழக்கரையில் 1927-இல் பிறந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் துபாயின் அல் குரைர் குடும்பத்தாரோடு சேர்ந்து எமிரேட்ஸ் டிரேடிங் ஏஜென்சியைத் தொடங்கினார். ஈடிஏ என்றால்தான் நமக்கு விளங்கும். கட்டுமானம், ஏசி, கப்பல் என்று அது விரிய விரிய, கீழக்கரையிலிருந்தும் ராமநாதபுரம் சீமை முழுவதிலிருந்தும் ஆட்கள் போனார்கள். கணக்கு ஆயிரங்களில். 'கம்பெனி விசா' என்ற பேச்சுக்கு இந்தக் கரையோரத்தில் ஒரு மதிப்பு வந்தது அப்போதுதான். கம்பெனி விசாவில் இருக்கிற பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். அவர் 2015 ஜனவரியில் மௌத்தானார். அந்தக் குழுமமும் இன்று அன்றைய உயரத்தில் இல்லை. மதிப்பு மட்டும் அந்தப் பேச்சில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏஜென்ட்டுகள் விற்பது அதைத்தான்.

சரி, தம்பியின் கதைக்கு வருவோம். ஆளைக் கூப்பிடும் முன்னால் கூப்பிடும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். டிரேட் லைசன்ஸ் இருந்தால் மட்டும் போதாது. இமிக்ரேஷனில் கம்பெனிக்கு எஸ்டாப்ளிஷ்மென்ட் கார்டு வேண்டும். தொழிலாளர் அமைச்சகத்தில் கம்பெனி பெயரில் ஃபைல் திறந்திருக்க வேண்டும். அதன் பிறகு கோட்டா. கம்பெனி என்ன தொழில் செய்கிறது, எவ்வளவு பெரியது என்று பார்த்து இத்தனை ஆள் எடுக்கலாம் என்று அமைச்சகம் அனுமதிப்பது அது. ரேஷன் கார்டில் எத்தனை பெயரோ அத்தனைக்குத்தான் அரிசி என்பது மாதிரி. கோட்டா தீர்ந்த கம்பெனி 'ஐம்பது விசா இருக்கு' என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த ஐம்பதும் பேச்சில்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'அரபாப் கையெழுத்துப் போட்டாத்தானே?' என்று, உள்ளூர் அரபிப் பங்காளியை மனதில் வைத்து, தம்பியே கேட்டார். கம்பெனிக்கு உள்ளூர்ப் பங்காளி வேண்டும், 51 சதவீதம் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்ற பழைய விதி வேறு. ஆளுக்கு ஸ்பான்சர் என்பது வேறு. பழைய விதியைப் பெரும்பாலான தொழில்களுக்கு 2021 ஜூனிலிருந்து தளர்த்திவிட்டார்கள். ஆளுக்கு ஸ்பான்சர் எப்போதும் வேலை கொடுக்கிற கம்பெனிதான். ஃப்ரீ ஸோனில் இருக்கிற கம்பெனி என்றால் அந்த ஃப்ரீ ஸோன் நிர்வாகத்தின் வழியாக நடக்கும். இரண்டிலும் வேலை வாங்குகிறவர் எவரோ, பொறுப்பு அவருக்கு.

அடுத்தது ஆஃபர் லெட்டர். எனக்கு மிகவும் பிடித்த தாள் இது, நம் ஆட்கள் மிகக் குறைவாகப் படிக்கும் தாளும் இதுதான். வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, அமைச்சகத்தின் அச்சுப் படிவத்தில் சம்பளம், வேலைப்பெயர், லீவு, வேலை நேரம் எல்லாம் எழுதி, பையன் ஊரில் இருக்கும்போதே அவன் கையெழுத்து வாங்க வேண்டும். 2016 ஜனவரி முதல் இந்த ஏற்பாடு. அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மூன்றாவதாகத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் கேட்கலாம். அப்படிக் கிடைக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. 'தமிழில் கொடுங்க' என்று கேட்கும் உரிமை இருப்பது தெரிந்து கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். இங்கே 2,500 திர்ஹம் என்று சொல்லிக் கூட்டிப்போய், அங்கே இறங்கியதும் 1,200-க்கு வேறு ஒப்பந்தத்தை நீட்டுவது ஒரு காலத்தில் சாதாரணம். அதை அடைப்பதற்காகவே இந்தத் தாள் வந்தது. பின்னால் போடும் ஒப்பந்தம் இதிலிருந்து பையனுக்குக் குறைவாக மாறக் கூடாது.

தம்பி தன் போனில் பிஆர்ஓ அனுப்பிய வரைவைக் காட்டினார். டெக்னீஷியனுக்கு மொத்தம் 4,000 திர்ஹம். அதில் பேசிக் 1,600, மீதி அலவன்ஸ். "நல்ல சம்பளம்தானே காக்கா?"

நல்ல சம்பளம்தான். ஆனால் கிராஜுவிட்டி பேசிக்கில்தான் கணக்கு. முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக். 1,600-க்கு அது 1,120 திர்ஹம். அதே நாலாயிரத்தைப் பேசிக் 2,500, அலவன்ஸ் 1,500 என்று பிரித்தால் 1,750. மாதச் சம்பளத்தில் காசு கூடவில்லை, குறையவில்லை. ஐந்து வருஷம் கழித்து ஊர் திரும்பும் பையனின் கையில் 3,150 திர்ஹம் வித்தியாசம். முதலாளிகள் பேசிக்கை ஏன் குறைத்து எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த 4,000 என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை. அமைச்சகம் வேலைகளை ஒன்பது நிலைகளாகப் பிரித்திருக்கிறது. மேலாளர்கள் முதல் நிலை, இன்ஜினீயர் மாதிரியான தொழில்முறையாளர்கள் இரண்டாம் நிலை, டெக்னீஷியன்கள் மூன்றாம் நிலை. இப்படி ஐந்து வரை திறன் தொழிலாளி. திறன் தொழிலாளி என்று கணக்கில் சேர, சம்பளம் 4,000 திர்ஹத்துக்குக் குறையக் கூடாது, படிப்புச் சான்றிதழும் வேண்டும். முதல் இரண்டு நிலைக்கு டிகிரி, அடுத்த இரண்டுக்கு டிப்ளமோ, ஐந்தாவதுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. பையனுக்கு இதில் நேரடி ஆதாயம் உண்டு. குடும்பத்தைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவும் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000-மும் வீடும் என்றுதான் விதி. கல்யாணம் முடித்து நாற்பதாம் நாள் விமானம் ஏறும் ஊர் இது. அந்த வித்தியாசம் பெரிது.

சான்றிதழ் என்றதும் நம்ம ஊர்க் கல்லூரிகளை நினைத்துக்கொள்ளலாம். முகம்மது சதக் பொறியியல் கல்லூரி 1984-இல் வந்தது. அதே வருஷம் வண்டலூரில் அப்துர் ரஹ்மான் தொடங்கிய கிரசென்ட். இந்தப் பக்கத்துப் பையன்களிடம் டிப்ளமோவுக்கும் டிகிரிக்கும் குறைவில்லை. தாளில் முத்திரைகள்தான் இருக்காது. முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதன் பிறகு எமிரேட்ஸ் தூதரகத்தின் முத்திரை, கடைசியில் அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. வரிசை மாறக் கூடாது. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும், பாஸ்போர்ட்டில் 'முகமது', சான்றிதழில் 'முஹம்மத்' என்று ஆங்கில எழுத்து வேறுபட்டாலும், தாள் திரும்பி வரும். நம் பையன்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்தான். விசா வந்த பிறகு ஓடுவதைவிட, படிப்பு முடிந்த கையோடு இந்த வேலையை முடித்து வைப்பது நல்லது.

பெர்மிட் கட்டணம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றில்லை. ஒழுங்காக நடக்கும் கம்பெனியா என்று பார்த்து மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகைக்கு ஓர் ஆளுக்கு 250 திர்ஹம், இரண்டாவதுக்கு 1,200, மூன்றாவதுக்கு 3,450. சம்பளத்தை வங்கி வழியே, அமைச்சகத்தின் கண்காணிப்பில் போட வேண்டும் என்று 2009 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் பிசகும் கம்பெனி கீழே போகும், புது பெர்மிட்டும் நின்றுபோகும். வகை பிரிப்பதில் இன்னொன்றும் பார்க்கிறார்கள். பல நாட்டு ஆட்கள் வேலை செய்கிறார்களா என்று. 'நம்ம ஊருப் பசங்க மட்டும்' என்ற தம்பியின் ஆசைக்கு இது கொஞ்சம் இடைஞ்சல். நல்ல ஆசைதான்; ஆனால் எல்லாரும் கீழக்கரை என்றால் ஒரு வாக்குவாதம் வந்தால்கூட அது இங்கே ஜமாஅத் வரை வந்துவிடும் என்பதையும் அவருக்கு நினைவூட்டினேன். சிரித்தார்.

கம்பெனி வளர்ந்தால் இன்னொரு கடமை வரும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் கம்பெனி, திறன் வேலைகளில் உள்ளூர்க் குடிமக்களை வருஷத்துக்கு 2 சதவீதம் கூட்டி, 2026 முடிவுக்குள் 10 சதவீதம் ஆக்க வேண்டும். இல்லையென்றால் அபராதம். தம்பியின் கம்பெனிக்கு அது வர இன்னும் வெகுகாலம் ஆகும்.

பெர்மிட் கிடைத்ததும் என்ட்ரி பெர்மிட். நம் ஆட்கள் 'விசா' என்று கையில் வைத்துக் காட்டும் தாள் இது. வேலைக்கான என்ட்ரி பெர்மிட் வந்தால் 60 நாளுக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைந்த பிறகு மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, ஒப்பந்தம், ரெசிடென்ஸ் எல்லாவற்றையும் மளமளவென்று முடிக்க வேண்டும். மெடிக்கலில் ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேவும் பார்ப்பார்கள். காசநோயின் அறிகுறி தெரிந்தால் சிக்கல். அதனால் ஊரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது முதலாளிக்கும் நல்லது, பையனுக்கும் நல்லது. பாஸ்போர்ட்டில் பக்கம் முழுக்க ஒட்டும் அந்த விசா ஸ்டிக்கர் 2022-இலேயே போய்விட்டது. இப்போது ஐடி அட்டைதான் ரெசிடென்ஸ். 'பாஸ்போர்ட்ல ஸ்டாம்பிங் அடிச்சுக் காட்டுறேன்' என்று இன்னும் ஓர் ஏஜென்ட் சொன்னால், அவர் அந்தப் பக்கம் போய் வெகுநாளாகிவிட்டது என்று பொருள். பாஸ்போர்ட் பையனிடமே இருக்க வேண்டும். 'பத்திரமா லாக்கர்ல வச்சிருக்கேன்' என்பதும் சட்டப்படி பறிமுதல்தான்.

மருத்துவக் காப்பீடும் முதலாளி தலையில். துபாயிலும் அபுதாபியிலும் முன்பே இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மற்ற எமிரேட்டுகளிலும் கட்டாயம். சம்பளப் பாக்கிக்கு ஆளுக்கு 3,000 திர்ஹம் பேங்க் கேரண்டி கட்டும் பழைய வழக்கத்துக்குப் பதிலாக 2018-இலிருந்து ஒரு காப்பீட்டுத் தொகை கட்டினால் போதும். டிக்கெட்டையும் சேர்த்தால் ஓர் ஆளுக்குப் பல ஆயிரம் திர்ஹம் ஆகிவிடும்.

"அதத்தான் காக்கா சொல்றேன். இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போறேன், ஆறு மாசத்துல வேற கம்பெனிக்கு ஓடிட்டான்னா?"

நியாயமான கேள்வி. சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. புரொபேஷன் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் பையன் அந்த நாட்டிலேயே வேறு கம்பெனிக்கு மாறினால் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். புது முதலாளி பழைய முதலாளிக்கு ஆள் எடுத்த செலவைத் திருப்பித் தர வேண்டும். கவனியுங்கள், அந்தச் செலவு ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குப் போகிறது. பையனின் பாக்கெட் வழியாகப் போவதில்லை. தம்பி பயப்படுகிற இழப்புக்கு ஈடு உண்டு. அதைப் பையனின் உம்மாவின் நகையிலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்வதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை.

இன்னொரு டீ வந்தது. ஊர்ப்பக்க வேலைக்கு வந்தோம்.

இந்தியச் சட்டம் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது 'குடியேற்ற அனுமதி தேவை' என்ற குறிப்பு, இருக்கும். எமிரேட்ஸ், சவூதி, கத்தார், குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது சென்னையில் இருக்கிறது. தம்பியின் இன்ஜினீயருக்கும் டெக்னீஷியன்களுக்கும் இந்த அனுமதி தேவையில்லை, படித்தவர்கள். ஹெல்பர் பையன் எட்டாவதோடு நிறுத்தியவன். அவனுக்கு வேண்டும். அதற்காகத் தம்பியின் கம்பெனி இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முதலாளியாகப் பதிந்து, எத்தனை ஆள் வேண்டும் என்ற டிமாண்ட் லெட்டரையும் மாதிரி ஒப்பந்தத்தையும் ஏற்ற வேண்டும். பையனுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுக்க வேண்டும்: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். இந்தத் தொகைக்கு இதைவிடப் பிரயோஜனமான ஒன்றை நான் கண்டதில்லை.

"ஹெல்பர விசிட்ல கூட்டிட்டுப் போய் அங்க மாத்திக்கலாம்னு பிஆர்ஓ சொல்றான்."

அப்படிப் போகிறவர்களால் விமான நிலையம் நிறைந்துதான் இருக்கிறது. விசிட்டில் போனால் ஈசிஆர் அனுமதி கேட்பதில்லை. அதே காரணத்தால் அவன் வேலைக்குப் போனான் என்ற பதிவும் இந்திய அரசிடம் இல்லை, காப்பீடும் இல்லை, பின்னால் ஒன்று என்றால் தூதரகத்தில் காட்ட ஒப்பந்தமும் இல்லை. முதலாளிக்கும் ஆபத்து பெரிது. பெர்மிட் இல்லாமல் ஆளை வேலை வாங்கினால் அபராதம் 1 லட்சம் திர்ஹம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை என்று 2024-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தம்பியின் வேனையும் கடையையும் விற்றாலும் அந்தக் கீழ்த் தொகை தேறாது.

விசிட்டைவிட மோசமானது, நம் ஊரில் மரியாதையாக 'ஃப்ரீ விசா' என்று சொல்லப்படுவது. பெயருக்கு ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்யும்; அந்தக் கம்பெனியில் வேலை இருக்காது; பையன் வெளியே எங்கேயாவது வேலை தேடிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு விலை. புதுப்பிக்க இன்னொரு விலை. சட்டத்தில் இப்படி ஒரு விசாவே இல்லை. பெர்மிட் ஒரு கம்பெனி பெயரில், வேலை இன்னொரு கம்பெனியில் என்றால் மூன்று பேரும் குற்றவாளிகள்; முதலில் பிடிபடுவது ஸ்பேனர் கையில் இருக்கிறவன்தான். முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்றால், இந்த வழியில் போய் நன்றாக வந்தவர்களும் ஊரில் உண்டு. அவர்களுடைய வீட்டு மாடிகள் சாலையிலிருந்தே தெரியும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை விசா சிக்கலில் இருந்தவர்களுக்கு எமிரேட்ஸ் பொதுமன்னிப்பு கொடுத்தபோது வரிசையில் நின்றவர்களுடையது தெரியாது.

எடுக்கிறவர் பக்கத்துக் கணக்கு இவ்வளவும் தெரிந்த பிறகு, விசா தாள் கையில் வாங்கும் வாப்பா பார்க்க வேண்டியவை தாமாகவே வரும். ஆஃபர் லெட்டரில் அமைச்சகத்தின் எண் இருக்கிறதா. அதை அமைச்சகத் தளத்தில் போட்டால் வருகிறதா. என்ட்ரி பெர்மிட்டில் ஸ்பான்சர் என்று இருக்கும் கம்பெனிதான் ஆஃபர் கொடுத்த கம்பெனியா. வேலைப்பெயர் ஒன்றுதானா. கொண்டுவந்தவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிந்த ரெக்ரூட்டிங் ஏஜென்ட்டா, அல்லது டிக்கெட் போடும் டிராவல்ஸா. பதிந்த ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகை 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. ரசீது தர வேண்டும். 'அவரோட ஆளு நான்' என்று வரும் சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. ஏஜென்ட்டே வேண்டாம் என்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இருக்கிறது. நர்சுகளுக்கு ஈசிஆர் நாடுகளுக்குப் போக 2015-இலிருந்து இந்த மாதிரி அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் வழி. நம் ஊரில் அந்த நிறுவனத்தின் பெயர் தெரிந்தவர்களைவிட ஏஜென்ட்டின் போன் நம்பர் தெரிந்தவர்கள் அதிகம்.

"மத்த நாட்டுலயும் இதே கதைதானா காக்கா?" என்றார் தம்பி. அவருடைய மச்சான் லண்டன் போக நினைக்கிறாராம்.

ஆளைக் கூப்பிடும் உரிமையை முதலாளி அரசிடம் வாங்க வேண்டும் என்பது எங்கும் உண்டு. உரிமையின் விலைதான் மாறும். இங்கிலாந்தில் கம்பெனிக்கு ஸ்பான்சர் லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் உள்ள கம்பெனிகளின் பட்டியலை அரசு வெளிப்படையாகப் போட்டிருக்கிறது; யாரும் பார்த்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 22 முதல் பொதுவான சம்பள வரம்பு வருஷத்துக்கு 41,700 பவுண்டு, வேலையும் பட்டப்படிப்பு நிலையில் இருக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் அன்றோடு நின்றது. அந்த வேலைக்கு இன்னும் ஸ்பான்சர்ஷிப் விற்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே ஸலாம் சொல்லி அனுப்பிவிடலாம். அமெரிக்காவின் எச்-1பி-க்கு வருஷத்துக்கு 85,000 இடம், குலுக்கல். மனுப் போடுவது கம்பெனி. சிங்கப்பூரில் வேலைக்கு எடுப்பதற்காகத் தொழிலாளியிடம் முதலாளி காசு வாங்கினால் அதுவே குற்றம். சவூதியில் பல தொழில்களுக்கு இங்கேயே திறன் தேர்வு எழுதிப் போக வேண்டியிருக்கிறது. கத்தார் 2020-இல் வேலை மாறப் பழைய முதலாளியின் என்ஓசி வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. விசா வேலையைச் சென்னையில் இருக்கும் அவர்களுடைய மையத்திலேயே முடித்து, ஒப்பந்தத்திலும் இங்கேயே கையெழுத்து வாங்கி அனுப்புகிறது.

தம்பிக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. பையனின் வேலையை முடிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று. இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, இவர் கேட்டார்.

எமிரேட்ஸில் ஒப்பந்தம் முடிந்தால் சம்பளம், லீவுப் பணம், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வேறு கம்பெனியில் சேராமல் ஊர் திரும்புகிறான் என்றால் பெரும்பாலும் டிக்கெட்டும் முதலாளி பொறுப்பு. பெர்மிட்டைக் கேன்சல் செய்ய பையன் கையெழுத்துப் போடும் தாளில் 'எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது' என்று ஒரு வரி இருக்கும். கடைசி நாள் லக்கேஜ் கட்டும் அவசரத்தில் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊருக்கு வந்து பாக்கிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பவர்களை இந்தக் கடையிலேயே காட்டலாம்.

"அப்ப நான் என்ன பண்ணணும் காக்கா?"

"பணத்த மொதல்ல அவன் அக்கவுண்ட்ல போடுங்க தம்பி. ஏறிருச்சான்னு அவன் போன்ல பாக்கட்டும். அதுக்கப்புறம் கேன்சல் தாள டைப்பிங் சென்டருக்கு அனுப்புங்க. பேசிக்க மட்டும் 2,500-ன்னு திருத்தி இன்னைக்கே பிஆர்ஓவுக்குச் சொல்லிருங்க."